மூன்று விளக்கில் ஒரு பாடம்: சீக்குவென்ஷியல் சர்க்யூட் வடிவமைப்பு

ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக இந்தப் பாடம்.

கேட்டுகள் மட்டும் உள்ள சுற்றில், இப்போது கொடுக்கும் உள்ளீட்டுக்கு ஏற்ற வெளியீடு வரும். சீக்குவென்ஷியல் சுற்றோ, தான் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் அடுத்த நிலைக்குப் போகும். அந்த நிலையை நினைவில் வைத்திருப்பது ஃபிளிப் ஃபிளாப். ஒரு ஃபிளிப் ஃபிளாப் ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1-ஐ வைத்திருக்கும். டி வகையில், கிளாக் துடிப்பு 0-இலிருந்து 1-க்கு ஏறும் நொடியில் டி முனையில் உள்ளது வெளியீட்டுக்கு வரும். அடுத்த துடிப்பு வரை மாறாது.

போக்குவரத்து சிக்னல் மாதிரி ஒன்றை வடிவமைப்போம். விளக்குகள் மூன்று. இரண்டு ஃபிளிப் ஃபிளாப்புகளில் நான்கு நிலைகள் கிடைக்கும் என்பதால் இரண்டே போதும். அவற்றை அ, ஆ என்று வைத்து, முதலில் தாளில் அட்டவணை எழுதுங்கள்:

சிவப்பு 00, அடுத்து 01
பச்சை 01, அடுத்து 10
மஞ்சள் 10, அடுத்து 00

அட்டவணையைப் பாருங்கள். ஆ 1 ஆக இருக்கும்போதுதான் அ அடுத்து 1 ஆகிறது. ஆகவே ஆ-வின் வெளியீட்டை அ-வின் டி முனையில் இணைக்கலாம். இரண்டும் 0 ஆக இருக்கும்போது மட்டும் ஆ அடுத்து 1 ஆகிறது. அது நார் கேட்டின் வேலை. அதே நார் வெளியீடு சிவப்பு விளக்குக்கும் உதவும். பச்சைக்கு ஆ, மஞ்சளுக்கு அ.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அட்டவணையில் இல்லாத 11 என்ன ஆகும்? மின்சாரம் வந்தவுடன் ஃபிளிப் ஃபிளாப் எந்த நிலையில் எழும் என்று சொல்ல முடியாது. நம் சுற்று 11-இல் எழுந்தால் அடுத்த துடிப்பில் 10-க்கு வந்து சரியாகிவிடும். ஆனால் அதுவரை பச்சையும் மஞ்சளும் சேர்ந்து எரியும். உண்மையான சாலையில் இது ஆபத்து. அதனால் மின்சாரம் வரும்போது ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வழியாக இரண்டின் கிளியர் முனைகளையும் சிறிது நேரம் 0-இல் வைக்க வேண்டும். அப்போது சுற்று எப்போதும் சிவப்பில் தொடங்கும்.

செய்து பார்க்க 74ஹெச்சி74 ஒன்று, 74ஹெச்சி02 ஒன்று, கிளாக்குக்கு 555 ஐசி ஒன்று, 5 வோல்ட் சப்ளை போதும். ஒவ்வொரு எல்இடிக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 74ஹெச்சி74-இன் பிரிசெட் முனைகளை 5 வோல்ட்டிலும், 74ஹெச்சி02-இல் பயன்படாத உள்ளீடுகளை கிரவுண்டிலும் கட்டுங்கள், அந்தரத்தில் விடாதீர்கள்.

பழுது பார்க்கவும் இதே அட்டவணைதான் துணை. பச்சையிலேயே நின்றுவிட்டால் முதலில் கிளாக்கைப் பாருங்கள். கிளியர் முனைகள் 0-இல் மாட்டியிருந்தால் பச்சை எரிந்தே இருக்காது. சிவப்பிலேயே நின்றால் கிளாக், கிளியர் இரண்டையும் சோதியுங்கள். கண்ணில் பட்ட ஐசியை எல்லாம் மாற்றும் செலவு இதனால் மிச்சமாகும்.

வீட்டுப் பயிற்சி: 0 முதல் 5 வரை எண்ணும் சுற்றை மூன்று ஃபிளிப் ஃபிளாப்புகளில் வடிவமையுங்கள். 110, 111 ஆகிய நிலைகளில் எழுந்தால் அது எங்கே போகும் என்பதையும் எழுதிப் பாருங்கள்.