படபடக்கும் நெஞ்சும் ஓயாத ஐயமும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) பங்குகொண்ட வீரர் பலர் நெஞ்சுப் படபடப்பு, மார்வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றால் வருந்தினர். அவர்களைச் சோதித்த பிலடெல்பியா மருத்துவர் டா கோஸ்டா, 1871இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பலரிடம் இருதயக் கோளாறு புலப்படவில்லை. துன்பமோ பாசாங்கு அன்று. இக்குறிகள் பெரும்பாலும் அச்சத்தின் விளைவே என 1941இல் லண்டன் மருத்துவர் பால் உட் விளக்கினார்.

அஞ்சும்போது அட்ரினலின் சுரந்து நாடி விரைகிறது. அவ்விரைவையே நோயென எண்ணுபவர் மேலும் அஞ்சுகின்றார். நாடி மேலும் விரைகிறது. மருத்துவர் ‘நோயில்லை’ என்று கூறிய பின்னரும் ஓயாது மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பவருக்கு அவ்வுறுதி நிலைப்பதில்லை. கேட்டபோதெல்லாம் நாடி பார்த்து ஆறுதல் கூறும் களப்பணியாளர், நல்லெண்ணத்தோடு ஐயத்தையே வளர்க்கின்றார். இச்சோதனையைப் படிப்படியாகக் குறைக்கவும், கைவிட்ட நடையையும் வேலையையும் சிறிது சிறிதாக மீட்கவும் துணைபுரிதலே தக்கது. முன்னில்லாத வகையில் மார்வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.