கேட்டவளையும் எழுது

அன்புள்ள தங்கைக்கு,

மணிமங்கலத்தில் வாடகை அறைகளில் தங்கி ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் வேலைக்குப் போகும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். யாரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது, எந்தப் பெயரை மறைப்பது, எதை எழுதாமல் விடுவது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இரண்டு குறைகள் என்னை உறுத்துகின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

மணிமங்கலம் என்றதும் நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்ற போரில் தொடங்குகிறாய். அங்கிருந்து ஒரே தாவலில் 2021 டிசம்பருக்கு வந்துவிடுகிறாய். ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களின் விடுதியில் கெட்டுப்போன சாப்பாடு, மருத்துவமனையில் 159 பெண்கள், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை இரவெல்லாம் மறித்து உட்கார்ந்த கூட்டம், 2022 ஜனவரி 12 வரை மூடிக் கிடந்த ஆலை. இவை நடந்தவை, எழுதப்பட வேண்டியவை. ஆனால் குழுவின் நட்புக்குச் சாட்சியாக அந்த இரவை நீ நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நெருக்கடியில் முன்பின் தெரியாதவர்களும் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். கோபம் போதும், பழக்கம் வேண்டியதில்லை. அன்று சாலையில் இருந்தவர்களில் பலருக்கு மருத்துவமனையில் கிடந்தவர்களின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆகவே அந்த இரவு தொழிலாளர் ஒற்றுமைக்குச் சாட்சி. நட்புக்குச் சாட்சி வேண்டுமானால் அதற்கு முந்தைய மாதங்களின் சாதாரண செவ்வாய்க்கிழமைகளில்தான் தேட வேண்டும். பி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அறைக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க யாராவது விழித்திருந்தார்களா? உன் கட்டுரையில் அதற்கு இரண்டு வரி, போருக்கு ஒரு பத்தி.

மணிமங்கலத்தை நீ தேர்ந்துகொண்டதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஊர் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ச் அவற்றைப் பதிப்பித்தார். வீரராஜேந்திரனின் கல்வெட்டு ஒன்று கூடல்சங்கமத்துப் போரை நீளமாகப் பாடுகிறது. வரலாறு படிப்பவர்கள் அந்தப் போருக்காகவே அதைத் தேடிப் போகிறார்கள். ஆனால் கல்லில் வெட்டக் காரணமான விஷயம் போர் முடிந்த பிறகுதான் வருகிறது: கோயிலுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற விவரம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். ஒரு விளக்கு அணையாமல் எரிய எத்தனை ஆடு, அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் நெய் அளக்க வேண்டியவர் யார் என்று எழுதி வைத்தார்கள். அரசனின் வெற்றியை அவன் மகன் பாடும்போது வேறு மாதிரி பாடலாம், நெய்யின் அளவை அப்படி மாற்ற முடியாது. இந்தக் கணக்கு வரிகள் மீது எனக்குத் தீராத பற்று உண்டு. ஒரு சமூகம் தன்னைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும் விதம் அந்த வரிகளில்தான் தெரிகிறது என்பது என் உறுதியான எண்ணம். நீ அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை எழுதிவிட்டு, கணக்கை விட்டுவிட்டாய்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. உன் கட்டுரையில் உதவுகிறவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் முகம், ஊர், பேச்சு எல்லாம் இருக்கிறது. உதவி கேட்டவர்களுக்கு எதுவுமே இல்லை. 'ஒருத்திக்கு வாடகை குறைந்தது', 'இன்னொருத்திக்கு உடம்பு சரியில்லை' என்று அவர்கள் வந்து போகிறார்கள். படிப்பவனுக்கு அந்தக் குழு ஆறு நல்ல உள்ளங்கள் நடத்தும் தர்மக் காரியமாகத் தோன்றும். ஆனால் நடுவில் நீ அப்படியே எடுத்துப் போட்டிருக்கும் நாற்பது செய்திகள் வேறு கதை சொல்கின்றன. பஸ் போயிடுச்சா என்று ஒருத்தி கேட்கிறாள். பி.எஃப். ஓடிபி வரவில்லை, யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்கிறாள் இன்னொருத்தி. ஏழாம் தேதி வரைக்கும் ஐந்நூறு, ஜி-பே பண்ண முடியுமா என்று மூன்றாமவள். வேலைத்தளத்துக்குள் போனைக் கொண்டுபோக விடாததால் ஷிப்ட் தொடங்குமுன் அரைமணி, முடிந்தபின் அரைமணி என்று கேள்விகள் திபுதிபுவென்று வந்து விழுவதை நேரத்தோடு கொடுத்திருக்கிறாய். தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றிச் சமீபத்தில் தமிழில் நான் படித்தவற்றில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த நாற்பது வரியில் கேட்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் ஒரே ஆட்கள். திங்களன்று ஐந்நூறு கேட்டவள், வியாழனன்று மற்றொருத்திக்குப் பி.எஃப். விண்ணப்பம் போடுவது எப்படி என்று ஸ்க்ரீன்ஷாட் ஸ்க்ரீன்ஷாட்டாக அனுப்புகிறாள். இதை நீயே எடுத்துப் போட்டுவிட்டு, நீயே பார்க்காமல் போய்விட்டாய்.

கேட்பது கொடுப்பதைவிடக் கடினம். ஊரை விட்டு, சாதி சனத்தை விட்டு, காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவளுக்கு அது இன்னும் கடினம். அம்மாவிடம் கேட்டால் வேலையை விட்டு ஊருக்கு வா என்பாள். லைன் லீடரிடம் கேட்டால் அது ஒரு நாள் ஓ.டி.யாகத் திரும்பி வரும். இந்தக் குழுவில் மட்டும் அவளால் கேட்க முடிகிறதென்றால் காரணம் என்ன? 'அன்பு' என்று நீ விடை சொல்கிறாய். திருப்பிக் கொடுக்க அங்கே வழி இருக்கிறது என்பதுதான் விடை என்று நான் நினைக்கிறேன். போன வாரம் அவள் யாருக்கோ பயன்பட்டிருக்கிறாள், அடுத்த வாரமும் பயன்படுவாள். அந்த நினைப்பே அவளைத் தலை நிமிர்ந்து கேட்க வைக்கிறது.

கணக்குப் பார்த்தால் நட்பு செத்துவிடாதா என்று நீ கேட்பாய். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தைப் பார். ஆடியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு பரிமாறி, வந்தவர் வைத்த தொகையை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். திரும்பச் செய்யும்போது அந்த நோட்டைப் பார்த்து, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வைக்கிறார்கள். வட்டி இல்லாமல் கிணறு வெட்டவும் கடை வைக்கவும் பணம் புரட்டிய ஏற்பாடு அது. அந்த நோட்டால் உறவு கெட்டதாக யாரும் சொல்வதில்லை. நோட்டில் பெயர் விட்டுப்போனால்தான் மனத்தாங்கல் வருகிறது. மொய்யில் தொகை பெருத்து, திருப்பிச் செய்ய முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. அது உண்மையான ஆட்சேபம்தான். ஆனால் நீ காட்டும் குழுவில் பணத்துக்குப் பணமே திரும்ப வேண்டும் என்பதில்லை. ஐந்நூறு ரூபாய் ஒரு விண்ணப்பமாகத் திரும்புகிறது, ஒரு படி அரிசி நடுராத்திரியில் பஸ் ஸ்டாப்புக்கு வந்த துணையாகத் திரும்புகிறது. எதையுமே திருப்பாத ஒருத்தியும் அங்கே இருப்பாள். அவளைக் குழு எத்தனை மாதம் பொறுத்துக்கொள்கிறது, யார் அவளுக்காகப் பேசுகிறார்கள் என்று கவனித்தாயா? கணக்கு முடியும் இடத்தில் அன்பு தொடங்குகிறதா என்பதை அங்கேதான் பார்க்க முடியும். கணக்கையே எழுதாதவளுக்கு அந்த இடம் கண்ணில் படாது.

இன்னொரு ஆட்சேபத்துக்கு நீ பதிலே சொல்லவில்லை. இதே போன்கள்தான் வதந்தியையும் சுமந்தன. 2021 டிசம்பரில் சில பெண்கள் இறந்துவிட்டதாகப் பரவிய செய்தி பொய். யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொல்லியும் சாலையில் இருந்தவர்கள் நம்பவில்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவி, பீகார் அரசே ஒரு குழுவை இங்கே அனுப்ப வேண்டியதாயிற்று. அப்படியிருக்க, இந்தக் குழுக்களைக் கொண்டாடலாமா? நான் கொண்டாடுவேன், ஆனால் அளவைப் பார்த்து. வாட்ஸ்அப் குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது என்றிருந்த வரம்பு 2022-இல் முதலில் 512 ஆகி, அதே ஆண்டிலேயே 1024 ஆனது. ஆயிரம் பேர் உள்ள இடத்தில் செய்தியைத் தள்ளிவிடத்தான் முடியும். முப்பது பேர் உள்ள இடத்தில், 'அவளா? இப்பத்தான் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டா' என்று ஒருத்தி சொன்னால் பொய் அங்கேயே நின்றுவிடும். அதிகாரியின் அறிக்கையை நம்பாதவர்கள் பழகிய குரலை நம்புகிறார்கள். அந்தக் குரலைப் பழக்கமாக்கியது தினசரி பஸ், அரிசி, ஓடிபி பேச்சுதான். உன் குழுவில் எத்தனை பேர் என்பதை நீ எங்கும் எழுதவில்லை. முக்கியமான தகவல் அது.

எனக்கே மிகவும் சங்கடம் தரும் ஆட்சேபம் ஒன்று உண்டு. தொழிலாளர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதை இப்படிப் புகழ்ந்தால், தாங்க வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஒருத்தியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆளுக்கு இருநூறு போட்டதை உருக்கமாக எழுதியிருக்கிறாய். அவள் சம்பளம் மாதம் 21,000-க்குள் இருந்தால் அவள் ஈஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறாள். அவள் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி தரப்பில் 3.25 சதவீதமும் அதற்காகக் கட்ட வேண்டும். பிறகு ஏன் தோழிகள் போட்ட பணத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள்? கார்டு வரவில்லையா? காண்ட்ராக்டர் கட்டவில்லையா? ஈஎஸ்ஐ மருந்தகம் திறந்திருக்கும் நேரம் அவள் ஷிப்டுக்கு ஒத்துவரவில்லையா? அந்த இருநூறு ரூபாய்கள் தோழிகள் தந்தவை. ஆனால் கடன்காரர் வேறு யாரோ. கணக்கை முழுதாக எழுதினால் அந்தக் கடன்காரர் தானாக வெளியே வருவார். உருக்கமாக எழுதினால் ஒளிந்துகொள்வார். தாங்க வேண்டியவர்கள் செய்ததும் உண்டு: 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் திறக்கப்பட்டது. தரையில் நெருக்கியடித்துப் படுத்தவர்களுக்குக் கட்டில் கிடைப்பது நல்ல காரியம், வரவேற்கிறேன். அந்த வளாகத்திலும் ஏழாம் தேதிக்கு முன்னால் ஐந்நூறு தேவைப்படும். அதை யாரிடம் கேட்பார்கள் என்று நீ போய்ப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேச்சுவார்த்தை, கைது, அமைச்சர்கள் என்று எவ்வளவோ படித்தோம். அந்த 37 நாளும் எந்தெந்த வீட்டில் யார் அடுப்பு எரிய வைத்தார்கள் என்ற கணக்கை எழுதியவர்கள் மிகக் குறைவு. சங்கத்துக்கு அடியில் இருப்பது அந்தக் கணக்கு.

இந்த வட்டாரத்துக்கு முதலில் வந்த தலைமுறையை நினைத்துப் பார்க்கிறேன். 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த பையன்களுக்கு எஸ்.டி.டி. பூத்தும், ஒரே அறையில் பாய் விரித்த ஊர்க்காரர்களும்தான் துணை. யாரோடு படுக்கிறாயோ அவனோடுதான் நட்பு. 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது ஆயிரக்கணக்கானவர்கள் நாலா திசையிலும் சிதறினார்கள். அறையைக் காலி செய்தால் அறை நட்பும் காலியானது. இப்போது அறை மாறினாலும், கம்பெனி மாறினாலும், கல்யாணமாகி ஊருக்குப் போனாலும் குழுவில் இருக்க முடிகிறது. மணிமங்கலத்தை விட்டுப் போய்விட்ட ஒருத்தி, இன்னும் குழுவில் இருந்துகொண்டு, புதிதாக வருகிறவளுக்கு எந்தத் தெருவில் அட்வான்ஸ் குறைவு என்று சொல்வதாக உன் கட்டுரையில் ஓரிடத்தில் வருகிறது. முந்தைய தலைமுறைக்கு வாய்க்காதது அது. அவளை ஒரே வாக்கியத்தில் கடந்து போய்விட்டாயே என்று எனக்கு ஆற்றாமை.

திருத்தி எழுதுவாய் என்று நம்புகிறேன். போரை எடுத்துவிடு. நாற்பது செய்திகளையும் முதலில் வை. ஐந்நூறு கேட்டவளிடம் போய், 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் எத்தனை முறை எழுதி அழித்தாள் என்று கேள். அதோடு, கடைசிப் பக்கத்தில் நான்கு பேர் குழுவை விட்டு வெளியேறியதாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். கடன் திருப்ப முடியாமல் போனார்களா, சண்டையா, வேலையே போய்விட்டதா? அந்த நால்வரில் ஒருத்தியையாவது கண்டுபிடித்துப் பேசிய பிறகு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்