அப்பத்தா வளர்த்தால் செலவில்லையா?

பொன்னமராவதிப் பக்கம் தாய் தகப்பனை இழந்த பிள்ளையை, பெரும்பாலும் அப்பத்தாவோ அம்மாயியோ சித்தப்பாவோ கூட்டிப்போய்விடுவார்கள். பெருமைப்பட வேண்டிய வழக்கம்தான். ஆனால், "சொந்தம் பார்த்துக்கொள்ளும், அரசாங்கம் எதற்கு?" என்ற நினைப்பும் இதிலிருந்தே முளைக்கிறது. இதையொட்டிய ஐந்து நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தனிச் செலவு கிடையாது.

உண்மை: "இருக்கிற உலையில் இன்னொரு பிடி அரிசி" என்பார்கள். அரிசி ரேஷனில் கிடைக்கிறது, மதியச் சாப்பாடு பள்ளியில் கிடைக்கிறது. கணக்கு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. செருப்பு, நோட்டு, இரவு மருத்துவமனைக்குப் போக ஆட்டோ. காய்ச்சலில் கிடக்கும் பேரனுக்காகக் களையெடுக்கப் போகாமல் அப்பத்தா இழக்கும் அன்றைய கூலி. இதையெல்லாம் யாரும் செலவென்று எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை 2: கஷ்டப்படுவதைவிட, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதே நல்லது.

உண்மை: 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கியது, போக்கிடமற்ற பெண்பிள்ளைகளுக்காக. அப்பத்தா உள்ள பிள்ளைக்குப் போக்கிடம் இருக்கிறது, அந்த வீட்டில் காசுதான் இல்லை. தீர்க்க வேண்டியது அந்தக் குறையை.

நம்பிக்கை 3: வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்தெடுப்பின் இன்னொரு பெயர்.

உண்மை: தத்தெடுப்பு நிரந்தரமானது, பிள்ளைக்குச் சட்டப்படியான பெற்றோரே மாறுகிறார்கள். வளர்ப்புப் பராமரிப்பில், குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, ஒரு குடும்பம் பிள்ளையைத் தற்காலிகமாக வைத்துப் பார்க்கிறது. 2024ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டுதல்படி, தனியாக வாழ்பவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

நம்பிக்கை 4: அரசு எதுவும் தருவதில்லை.

உண்மை: ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000தான். ஒன்றியத்தின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. உறவினரிடம் வளரும் பெற்றோரற்ற பிள்ளைகளோடு, கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகளும் இதற்குத் தகுதியுடையவர்கள். 2025 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. முதற்கட்டத்தில் 6,082 பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள்.

நம்பிக்கை 5: திட்டம் வந்துவிட்டது, இனிக் குறையில்லை.

உண்மை: 4,000 ரூபாயை நாளுக்குப் பிரித்தால் 133. மிஷன் வாத்சல்யா உதவி பெற, குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாயையும் மற்ற இடங்களில் 96,000ஐயும் தாண்டக் கூடாது. 72,000 என்பது நாளுக்கு 200 ரூபாய்கூட இல்லை. சித்தாள் வேலை வருடம் முழுக்கக் கிடைக்கும் வீடு வரம்புக்கு வெளியே போய்விடும்.

நாடு முழுமைக்குமாக இத்திட்டத்துக்கு ஒன்றிய பட்ஜெட் ஒதுக்கியது 2023-24இல் 1,472 கோடி, மறு ஆண்டும் அதே 1,472 கோடி, 2025-26இல் 1,500 கோடி. விலைவாசி அப்படி நின்ற இடத்தில் நிற்கவில்லை. இல்லங்கள், 1098 உதவி எண், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியர் சம்பளம் எல்லாம் இதே பணத்துக்குள்தான்.

அந்த அலகு இருப்பது புதுக்கோட்டையில், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் போல. மஞ்சப்பையில் மகனின் இறப்புச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், பேரனின் படிப்புச் சான்று. ஒரு ஜெராக்ஸ் குறைந்தால் அப்பத்தாவுக்கு இன்னொரு நாள் கூலி போகும். போதிய நிதி என்பது பிள்ளையின் 4,000 ரூபாயோடு முடிவதில்லை. வீடு தேடி வந்து, திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பையைப் பிரித்துப் பார்க்கும் ஊழியரின் சம்பளமும் அதில் சேர்த்திதான்.