மைக்ரோபயாலஜி மனப்பாடப் பாடமா?

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டுக்குள் நுழைகிறவர்களுக்கு சீனியர்கள் தரும் அறிவுரை ஒன்று உண்டு: “பேத்தாலஜியைப் புரிஞ்சு படி. மைக்ரோவைக் கடைசி மாசத்துல மனப்பாடம் பண்ணிக்கலாம்.” இப்படிப் படித்தும் பாஸாகிவிடலாம் என்பதுதான் சிக்கல். வார்டில் காய்ச்சலோடு ஒருவர் வந்து படுக்கும்போது, அந்த மனப்பாடத்தில் ஒன்றும் கைகொடுக்காது.

காசநோய்க் கிருமியை எடுத்துக்கொள்வோம். அதன் செல் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்பமிலம் அடர்ந்திருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னாலேயே வரும். சுவர் மெழுகுத் தன்மையுடையது என்பதால் கிராம் சாயம் சரியாக ஏறாது. கார்பால் ஃபுக்சினை ஊற்றி, ஸ்லைடுக்கு அடியில் சூடு காட்டி, கொதிக்கவிடாமல் ஆவி மட்டும் எழ வைத்தால்தான் சாயம் உள்ளே போகும். போன சாயம் 20 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்றினாலும் வெளியே வராது. அந்தச் சுவரைத் தாண்டிச் சத்துகளும் மெல்லத்தான் நுழைகின்றன. வளர்ச்சி மந்தமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நல்ல சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிறது, இதற்கோ ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். எல்.ஜே. மீடியத்தில் காலனி கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கில் காத்திருப்பது அதனால்தான். ஐசோனியாசிட் மருந்து தடுப்பதும் இதே மைக்கோலிக் அமிலத்தின் உற்பத்தியைத்தான். இதெல்லாம் புரிந்தவருக்கு, செல் சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவிடம் பென்சிலின் ஏன் தோற்கிறது என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயர்களை நெட்டுருப் போடத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரிந்த பெயர் மறப்பதில்லை.

“கிராம் ஸ்டெயின் பிராக்டிகல் தேர்வுக்கான சடங்கு, இப்போதுதான் பி.சி.ஆர். வந்துவிட்டதே” என்பது அடுத்த நம்பிக்கை. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறை இன்றும் உயிர் காக்கிறது. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்கிறார்கள். கல்ச்சர் முடிவுக்கு மறுநாள்வரையாவது பொறுக்க வேண்டும். கிராம் ஸ்லைடு அரை மணி நேரத்துக்குள் பேசும். ஈட்டிமுனை வடிவில் ஊதா நிற ஜோடிகள் தெரிந்தால் நியூமோகாக்கஸ், வெள்ளணுக்களுக்குள் சிவப்பு நிற ஜோடிகள் தெரிந்தால் மெனிஞ்சோகாக்கஸ் என்று அப்போதே சந்தேகிக்கலாம். இதில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அசிட்டோனில். சில விநாடி கூடுதலாக நின்றால் ஊதா முழுக்க வெளுத்து, கிராம் பாசிட்டிவ் கிருமி சிவப்பாகத் தெரியும். நிறம் மாறினால் ரிப்போர்ட் மாறும், மருந்தும் மாறக்கூடும். ஸ்லைடு வகுப்பில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

மாணவர் கையில் புதிதாக எதுவும் பிறக்காது என்று நினைப்பவர்களுக்குச் சென்னையின் கதையைச் சொல்ல வேண்டும். 1980களின் நடுவில், எய்ட்ஸ் எங்கோ வெளிநாட்டுச் சங்கதி என்றே இங்கே பலரும் நம்பினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன், முதுநிலை மாணவி நிர்மலாவுக்கு அதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப்போய் நிர்மலா ரத்தம் சேகரித்தார். பிரித்த சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். 1986இல் அங்கே நடந்த எலைசா பரிசோதனையில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது. அதன் பிறகே நாட்டின் எய்ட்ஸ் தடுப்பு முயற்சிகள் வேகம் பிடித்தன. ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்காகச் சேகரித்த மாதிரிகள் அவை.

“கல்ச்சரில் வளர்ந்துவிட்டது, அப்படியானால் அதுதான் நோய்” என்ற நம்பிக்கை மாணவரோடு நிற்பதில்லை, டாக்டரான பிறகும் தொடர்கிறது. பல வாரமாகச் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும் ஒருவரின் சிறுநீரில் கிருமி வளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாதபோது, கர்ப்பம் போன்ற சில நிலைகள் தவிர, அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. ரிப்போர்ட்டில் எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்து அளவு) எண் எதற்குக் குறைவோ அந்த மருந்தே சிறந்தது என்பதும் தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி வரம்பு உண்டு. ஒன்றின் 0.5ஐ இன்னொன்றின் 2ஓடு ஒப்பிட முடியாது.

“எம்.டி. மைக்ரோ எடுக்கப் போகிறவர்களுக்குத்தான் இதெல்லாம்” என்பார்கள். உண்மையில், நடு இரவில் பிளட் கல்ச்சர் எடுப்பது பல ஆஸ்பத்திரிகளில் சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் பயிற்சி மருத்துவர்தான். பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இல்லாத செப்சிஸ் உண்டு. அதனால்தான் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிவரை கேட்கிறார்கள். அவசரத்தில் 2 மில்லியோடு அனுப்பிவிட்டால் ‘நோ குரோத்’ என்ற முடிவை நம்ப முடியாது. முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே, இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். தோலில் தடவிய மருந்து காயும்வரை பொறுக்க வேண்டும். ஒரு செட்டில் மட்டும் கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தால், அது பெரும்பாலும் தோலிலிருந்து வந்ததாக இருக்கும்.

வார்டு போஸ்டிங்கில் உங்களுக்கென்று ஒரு நோயாளியைத் தருவார்கள். அவருடைய சாம்பிளை அட்டெண்டரிடம் கொடுக்காமல் நீங்களே லேபுக்குக் கொண்டுபோங்கள். ஸ்லைடைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மறுநாள் போய் பிளேட்டையும் பாருங்கள்.