வளைவில் வழுக்காத வண்டி

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, நண்பர் ஒருவருடைய தந்தையாரின் பழைய அம்பாசடர் வண்டியில் நாங்கள் நால்வர் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இடப்புறம் திரும்பும் ஒரு வளைவில் நண்பர் ஸ்டியரிங்கைத் திருப்பினார், வண்டி திரும்பவில்லை. முன் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு சாலையின் வலப்பாதிக்குள் சென்றுவிட்டன. எதிரே லாரி எதுவும் வராததனால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இத்தனைக்கும், இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அவ்வண்டி ஒரு பட்டறையில் ‘பலப்படுத்த’ப்பட்டிருந்தது. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் ஏறியிருந்தது. வளைவில் வண்டி சாய்கிறது என்று முன்புறம் தடித்த ஆன்டி-ரோல் பார் ஒன்றும் பொருத்தியிருந்தார்கள். டயர்கள் மட்டும் பழையனவே. சாய்வு குறைந்தது, பிடிப்பும் குறைந்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதைக் காண்போம்.

பிடிப்பும் வேகமும்

வண்டியை வளைவில் திருப்பும் விசை முழுவதும் நான்கு டயர்கள் தரையைத் தொடும் இடங்களிலிருந்தே வரவேண்டும். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினது. வேண்டிய முடுக்கம், வேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், முடுக்கம் 4 அலகு ஆகும். வேகம் 54 கி.மீ. ஆனால் அது 9 அலகாகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு. தேவையோ இரண்டேகால் மடங்கு. புவியீர்ப்பு முடுக்கமே 9.8 அலகுதான். எனவே 9 அலகைச் சாதாரண டயர் உலர்ந்த சாலையிலும் தருவது அரிது. நனைந்த சாலையில் பேச்சே இல்லை.

சுமை இடம் மாறுதல்

வளைவில் உட்புறச் சக்கரங்களின் சுமை குறைந்து வெளிப்புறச் சக்கரங்களின் சுமை கூடுகிறது. வண்டியின் எடை 1,200 கிலோ, எடைமையத்தின் உயரம் 0.6 மீட்டர், சக்கரங்களின் இடையகலம் 1.35 மீட்டர் எனக் கொள்வோம். 4 அலகு முடுக்கத்தில் இடம் மாறும் சுமை ஏறத்தாழ 220 கிலோ. அதாவது, 600 கிலோ தாங்கிய உட்புற இணை 380 கிலோவும், வெளிப்புற இணை 820 கிலோவும் தாங்கும்.

இக்கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு எங்கும் வரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்கினாலும் மாறும் மொத்தச் சுமை ஏறக்குறைய அதுவேதான். அச்சுமையில் முன்புறம் எவ்வளவு, பின்புறம் எவ்வளவு என்ற பங்கீட்டையே விறைப்பு மாற்றுகிறது. விறைப்பான பக்கம் பெரும்பங்கை ஏற்கிறது.

டயரின் இயல்பு ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். எடுத்துக்காட்டாக, 300 கிலோ சுமையில் ஒரு டயரின் பக்கப்பிடிப்பு 240 கிலோ என்க. 400இல் 300, 200இல் 170 என்க. சமமாகச் சுமந்த இரு டயர்களும் சேர்ந்து 480 தரும். சமமின்றிச் சுமந்தால் 470தான் தரும். சுமை வேறுபாடு கூடக்கூட இழப்பும் கூடும்.

இப்போது எங்கள் வண்டியின் நோய் விளங்கும். தடித்த பார் முன் சக்கரங்களிடையே சுமை வேறுபாட்டை மிகுத்தது. பழைய டயரும் மழையும் சேர்ந்தன. முன்புறம் முதலில் வழுக்கிற்று. பாரே தீயது என்று கூறவில்லை. முன் சக்கரங்கள் உடலோடு சேர்ந்து சாய்வதால் டயர் ஓரத்தில் நிற்க நேரிடும். அளவான பார் அச்சாய்வைக் குறைத்து நன்மையும் செய்யும். அளவு மீறியதே குற்றம்.

அதே பாரைப் பின்புறம் பொருத்தினால் என்ன? அம்பாசடரின் பின்புறம் லீஃப் ஸ்பிரிங்கின் மீது அமைந்த ஒரே கெட்டி அச்சு. எஞ்சின் ஓட்டுவதும் அதைத்தான். உட்புறச் சக்கரம் மிக இலேசாகிவிட்டால் அது வீணே சுழலும். டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கையே தருவதால் மற்றச் சக்கரத்தின் உந்தலும் போய்விடும். அன்றி, பின்புறம் வழுக்கி வண்டியே சுழலவும் கூடும்.

எதை முதலில் செய்வது?

முதலாவது டயர். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் பாருங்கள்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிடினும் ரப்பர் முதுமையால் இறுகும். நான்கும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும்.

இரண்டாவது ரப்பர் புஷ்கள். லீஃப் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் புஷ் தேய்ந்தால் பின் அச்சு தானே சற்றுத் திரும்பும். ஓட்டுநர் திருப்பாத திருப்பம் அது.

மூன்றாவது ஷாக் அப்சார்பர். பழைய அம்பாசடர்களின் முன்புறத்தில் இது நெம்புகோல் வகை. எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளாமல் காப்பது இதுவே. காற்றில் நிற்கும் டயருக்குப் பிடிப்பேது?

நான்காவது சக்கர நேர்சீரமைப்பு. முன்புறத்தின் உயரம் டார்ஷன் பாரால் அமைவது. அழகுக்காக அதை மிகத் தாழ்த்தினால், வளைவில் சட்டம் ரப்பர்க் கட்டையில் முட்டும். அக்கணமே அப்பக்கத்தின் விறைப்பு பன்மடங்காகிப் பிடிப்பு திடீரெனப் போகும்.

இவையெல்லாம் முடிந்த பிறகே பாரைப் பற்றி எண்ணவேண்டும். எஞ்சின் மாற்றமோ வேறு மாற்றமோ செய்வோர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் நினைவிற்கொண்டு பதிவு அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் நலம்.

அளந்து பார்த்தல்

மாற்றம் நன்மை செய்ததா என்பதைப் பட்டறைக்காரர் சொல்லிலோ நம் மனத்திருப்தியிலோ விடவேண்டியதில்லை. உரிய இசைவு பெற்று, ஆளில்லாத அகன்ற திடலில் 15 மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்று வரைந்து, வழுக்கத் தொடங்கும் எல்லைவரை சீராகச் சுற்றுக. ஒரு சுற்றின் நேரத்தின் இருமடியால் 592ஐ வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 12 வினாடியானால் 4.1 அலகு; 11 வினாடியானால் 4.9. எந்தப் பக்கம் முதலில் வழுக்குகிறது என்பதையும் குறித்துக்கொள்க. ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுக. ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம் இதுதானே!

நண்பரின் தந்தையார் இப்போது புதிய டயர்களும் புஷ்களும் போட்டு, அந்தத் தடித்த பாரைக் கழற்றிவிட்டார். வண்டி முன்னைவிடச் சற்று அதிகமாகவே சாய்கிறது. ஆனால் திருப்பினால் திரும்புகிறது.