மறுபடியும் போய் உட்கார்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. குறுக்குக் காற்றில் விமானத்தை இறக்குவது சரியாக வரவில்லை என்று இன்ஸ்ட்ரக்டர் உன்னைத் தனியாகப் பறக்க விடவில்லையாமே. "எனக்குத் துணிச்சல் பத்தாது" என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்திரலால் ராயின் நினைப்புதான்.

1898இல் கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்த பிள்ளை. முதல் உலகப் போரில் பிரிட்டனின் விமானப் படையில் சேரும்போது வயது 18. அதே ஆண்டு, 1917 டிசம்பரிலேயே அவன் விமானம் விழுந்து நொறுங்கியது. செத்துவிட்டான் என்று பிணவறையில் கிடத்திவிட்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். பிழைத்தவனை, இனிப் பறக்க உடம்பு லாயக்கில்லை என்று ஒதுக்கினார்கள். உடம்பு தேறும்வரை விமானப் படங்களாக வரைந்து தள்ளினான். மேலதிகாரிகளை விடாமல் கேட்டுச் சம்மதிக்கவைத்தான். 1918 ஜூனில் 40ஆவது ஸ்குவாட்ரனில், ஜார்ஜ் மெக்எல்ராய் என்ற தேர்ந்த விமானியின் கீழ் போய்ச் சேர்ந்தான்.

ஜூலை 6 முதல் 19 வரை எதிரி விமானங்கள்மேல் பத்து வெற்றிகள். ஜூலை 8இல் மட்டும் நாலு மணி நேரத்துக்குள் மூன்று. எல்லாரும் சொல்லி மாய்வது இந்தக் கணக்கைத்தான். எனக்கு அதில் அவ்வளவு மனம் ஒட்டுவதில்லை. அந்த விமானங்களில் இருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. என்னை அசைப்பது வேறொன்று.

அவன் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானத்தில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். ஒன்று மேல் இறக்கைக்கும் மேலே இருக்கும். அதன் தோட்டா வட்டு தீர்ந்தால், வளைந்த தண்டவாளத்தில் துப்பாக்கியைக் கீழே இழுத்து, காலி வட்டைக் கழற்றி, புதியதை மாட்டி, திரும்ப மேலே தள்ள வேண்டும். தலைக்கு மேல் கூரை கிடையாது, முகத்தில் அறையும் காற்று. அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுக் கம்பியை முழங்காலிடுக்கில் பிடித்துத்தான் விமானத்தை ஓட்ட வேண்டும். எதிரி சுற்றிக்கொண்டிருப்பான். பாராசூட்டும் கொடுக்கவில்லை. இதையெல்லாம் ஆவேசத்தால் செய்ய முடியுமா? கை பழகியிருக்க வேண்டும். ஒருமுறை விழுந்தவன் அதே இருக்கையில் ஏறிப் பழகினான் பார், அதைத்தான் நான் வீரம் என்பேன்.

ஜூலை 22இல் பிரான்சின் கார்வான் ஊருக்கு மேலே ஜெர்மானிய ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவன் மாண்டான். வயது 19. விமானிகளின் வீரத்துக்குப் பிரிட்டன் தரும் டி.எஃப்.சி. விருது செப்டம்பரில், அவன் இல்லாதபோது வந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியன் அவன். மெக்எல்ராயும் அதே ஜூலை 31இல் போய்விட்டார். அந்த வானத்தில் தேர்ந்தவர்களுக்கும் அவ்வளவுதான் ஆயுசு.

உன் வானத்தில் யாரும் சுடப்போவதில்லை, தாயே. இன்ஸ்ட்ரக்டர் உன்னை நிறுத்திவைத்தது நீ பத்திரமாக இறங்க வேண்டும் என்றுதான். அவர்மேல் கோபப்படாதே. எந்த இடத்தில் கை தடுமாறுகிறது, ரன்வேக்கு நேராக மூக்கைத் திருப்பும்போதா, சக்கரம் தொட்ட பிறகா என்று அவரிடமே கேள். அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய். தூக்கம் கெட்டிருந்தால் அன்றைக்குப் பறக்காதே, சொல்லிவிட்டு வந்துவிடு.

அடுத்த மாதக் கட்டணத்தை அனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா