வரைபடங்களில் முறிகோடுகளை வாசிக்கும் முறை

நெற்களஞ்சியம், வெங்காயக் கொட்டில், வாய்க்கால் முதலியவற்றை அமைக்க விரும்பும் கமக்காரருக்கு வரைபடம் ஒன்று கொடுக்கப்படுவது வழக்கம். அவ்வரைபடத்திலே முழுமையாகச் செல்லும் கோடுகளும், சிறு துண்டுகளாக விட்டுவிட்டுச் செல்லும் கோடுகளும் காணப்படும். பின்னையவற்றை முறிகோடுகள் எனலாம். இவற்றை முக்கியமற்றவை எனக் கருதிப் பலர் கவனியாது விடுகின்றனர். அதனால் வேலையும் பணமும் வீணாவதுண்டு. ஆகையால் இக்கோடுகளின் பொருளைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

கோடுகளின் வகைகள்

பொறியியல் வரைபடங்களுக்கான பிரித்தானிய நியமம் 1927ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. இன்று சருவதேச நியமங்களும் உள்ளன. இவற்றின் வழக்கப்படி பின்வரும் மூன்று கோடுகளும் முக்கியமானவை.

1. முழுக்கோடு: கண்ணுக்குத் தெரியும் விளிம்பைக் குறிக்கும்.

2. முறிகோடு: பொருள் உண்டு, ஆயினும் பார்க்கும் பக்கத்திலிருந்து அது மறைந்துள்ளது என்பதைக் குறிக்கும்.

3. நெடுந்துண்டும் குறுந்துண்டும் மாறிமாறி வரும் கோடு: இது மையக்கோடு. தூண், குழாய், சில்லு முதலியவற்றின் நடுவைக் குறிக்கும்.

களஞ்சியத்தின் வரைபடம்

விதைநெல் வைப்பதற்கான சிறு களஞ்சியம் ஒன்றின் முன்தோற்றத்தை எடுத்துக்கொள்வோம். நிலமட்டம் முழுக்கோட்டினாற் காட்டப்பட்டிருக்கும். அதன் கீழே முறிகோட்டினால் வரையப்பட்டிருப்பது அத்திவாரமாகும். அது மண்ணுள் மறைந்திருப்பதனாலேயே முறிகோட்டினாற் காட்டப்படுகின்றது. இதனை அலங்காரக் கோடு என எண்ணி, ஆழம் குறைத்துக் கட்டினால், பெரும்போக மழையில் மண் இளகும்போது சுவர் வெடிக்கக்கூடும். களஞ்சியத்திலுள்ள விதைநெல்லும் நனைந்து பழுதாகும்.

அடுத்து, மேலிருந்து பார்ப்பது போன்ற கிடைப்படத்தைக் கவனிக்குக. கட்டடத்தைத் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் வெட்டிக் கீழ்நோக்கிப் பார்ப்பதாகக் கொண்டே இது வரையப்படும். எனவே சுவர்கள் முழுக்கோட்டினால் அமையும். சுவருக்கு வெளியே சுற்றிவரச் செல்லும் முறிகோடு கூரையின் தாழ்வார விளிம்பாகும். அது வெட்டிய மட்டத்துக்கு மேலே உள்ளது. தாழ்வாரத்து நீர் விழுவது இக்கோட்டின் வழியேயாம். ஆதலால் மழைநீர்க் கானை இக்கோட்டை அனுசரித்தே வெட்டுதல் வேண்டும். சுவரோடு ஒட்டி வெட்டலாகாது.

மையக்கோட்டினால் வரும் பிழை

தூண்களின் இடைத்தூரம் பெரும்பாலும் மையக்கோட்டிலிருந்து மையக்கோட்டுக்கே குறிக்கப்படும். 10 அடி எனக் குறித்திருக்க, தூணின் தடிப்பு 1 அடியாயின், இரு தூண்களுக்கும் இடையே வெறுமையாக உள்ள இடம் 9 அடியே. இதனை அறியாதவர் 10 அடி வெறுமையாக விட்டுத் தூண் நாட்டுவர். ஐந்து தூண்கள் கொண்ட வரிசையில் நான்கு இடைவெளிகள் உள. ஒவ்வொன்றிலும் 1 அடி கூடுவதால், முடிவில் கொட்டில் 4 அடி நீண்டுவிடும். அளவுக்கு வாங்கிய வளைமரங்களும் தகடுகளும் அப்போது போதா.

வயற்படமும் நிலப்படமும்

வாய்க்கால் அமைப்பைக் காட்டும் படத்தில், வரம்பின் கீழாகவோ பாதையின் கீழாகவோ செல்லும் குழாய் முறிகோட்டினாற் காட்டப்படும். அவ்விடத்தில் வரம்பை வெட்டுமுன்பும், பாரமான இயந்திரத்தை ஏற்றுமுன்பும் குழாயின் ஆழத்தை விசாரித்தறிதல் வேண்டும். சில படங்களில், இனிமேல் அமைக்கப்படவுள்ள வேலையும் முறிகோட்டினாற் குறிக்கப்படுவதுண்டு.

நிலப்படங்களில் இதன் பொருள் வேறாகும். அவற்றிலே ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் முறிகோடுகளால் அமையும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிலப்படங்களில், வருடம் முழுவதும் ஓடாத அருவிகள் நீல நிறத்தில் துண்டும் புள்ளியுமாகக் காட்டப்படுகின்றன. எல்லாப் படங்களிலும் ஒரே வழக்கம் இல்லை. ஆகவே படத்தின் ஓரத்திலுள்ள குறியீட்டு விளக்கத்தை முதலில் வாசித்தல் அவசியம். காணியின் எல்லை பற்றிய படத்தில் முறிகோடு காணப்பட்டால், அது எல்லையா, பாதை உரிமையா என்பதை நில அளவையாளரிடம் கேட்டறியாமல் வேலி அடைத்தலாகாது.

ஆங்கில எழுத்தில் வரும் சிறுகோடும் புள்ளிக்கோடும்

ஆங்கிலத்தில் அச்சிட்ட விதைப் பைகளிலும் மருந்துப் போத்தல்களிலும் இரு எண்களுக்கிடையே சிறுகோடு வருவதைக் காணலாம். 45–60 நாள் என்றால், 45 நாள் முதல் 60 நாள் வரை என்பது பொருள். இது கழித்தற் குறியன்று. மருந்தின் அளவு இவ்வாறு குறிக்கப்பட்டிருப்பின், பின்னுள்ள எண்ணே மேலெல்லையாகும், அதனைக் கடக்கலாகாது.

கலப்புப் பசளைப் பையிலுள்ள 15-15-15 என்பதில் இச்சிறுகோடு எண்களைப் பிரித்துக் காட்டுவதற்கு மாத்திரமே உள்ளது. இவ்வெண்கள் முறையே நைதரசன், பொசுபரசு ஒட்சைட்டு, பொற்றாசியம் ஒட்சைட்டு ஆகியவற்றின் நூற்றுவீதங்களாம். எனவே 50 கிலோ கிராம் பை ஒன்றில் ஒவ்வொன்றும் 7.5 கிலோ கிராம் வீதம் உண்டு.

படிவங்களிலுள்ள புள்ளிக்கோடு, விபரம் எழுதுவதற்கு அல்லது கையொப்பமிடுவதற்கு விடப்பட்ட இடமாகும். கடன் படிவத்தில் தொகையும் தவணையும் எழுதவேண்டிய புள்ளிக்கோடுகள் வெறுமையாயிருக்கக் கையொப்பமிடுதல் ஆபத்தானது. பின்னர் பிறர் எழுதுவதற்கும் கையொப்பமிட்டவரே பொறுப்பாளியாக நேரிடலாம்.

கவனிக்கவேண்டியவை

1. வேலை தொடங்குமுன் படத்தின் குறியீட்டு விளக்கத்தை வாசிக்குக.

2. ஒவ்வொரு முறிகோட்டுக்கும், மறைந்துள்ள பொருள் எது, அது மேலா கீழா என்று கேட்குக.

3. அளவு மையத்திலிருந்தா விளிம்பிலிருந்தா என்று உறுதிப்படுத்துக.

4. ஐயம் ஏற்படின், மண்வெட்டியை எடுக்குமுன் படத்தை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி விளக்கம் பெறுக.